பளீல் நானாவின் முன் சீட்டு

பிலிமத்தலாவைப் பிரதான வீதியில் வாகனங்கள் வாங்கி விற்கும் கார் சேல் வைத்திருக்கும் பளீல் நானாவிடம் கூடாத வண்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. நீங்கள் எதைக் கேட்டுப் போனாலும் அன்றைக்கு அதுதான் இலங்கையிலேயே பத்திரமான வண்டி. மோட்டார் சைக்கிள் கேட்டு வருகிறவனிடம், "சின்னச் சாமான்தான் தப்பும், இடுக்கால பூந்து போயிடலாம்" என்பார். ஆட்டோ கேட்டால், "கவிண்டாலும் நாலு பேர் சேர்ந்து நிமித்திடலாம், காரெண்டா ஏலுமா?" என்பார். முன்பக்கம் மூக்கே இல்லாத வேன்களைப் பார்த்திருப்பீர்கள். டிரைவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லொறிக்கும் நடுவில் ஒரு தகடு மட்டும்தான் இருக்கும். அதையும் விட்டுவைக்கமாட்டார். "பொனட் மறைக்கல்ல, ரோட்டு முழுசாத் தெரியும், மறுகா எப்படி அடிபடுற?" என்று கேட்டு, வந்தவனையே பதில் தேட விட்டுவிடுவார்.

ஆனால் மனிதருக்கு மனம் ஒட்டியது பழைய ஜீப்புகளில்தான். அதை விற்கும்போது மட்டும் அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார். பொனட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடிப்பார். டங் என்று கேட்கும். பிறகு வாங்க வந்தவரைப் பக்கத்தில் நிற்கும் சின்னப் புதுக் காரிடம் கூட்டிப் போய், கதவைப் பெருவிரலால் அழுத்திக் காட்டுவார். "பாத்தீங்களா, டின். முட்டினா அப்பளம்" என்பார். அதற்குப் பிறகு, குரலை இறக்கி, ஏதோ குடும்ப ரகசியத்தைச் சொல்வதுபோலக் கடைசி வசனத்தைச் சொல்வார்.

"என்ட புள்ளைக்கி எடுத்தாலும் நான் இதத்தான் எடுக்கிற."

அந்த வசனத்தில் விழாதவர்கள் குறைவு. ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து மரக்கறி வியாபாரம் செய்த முத்துலிங்கம் அதில்தான் விழுந்தார். "மொதலாளி, நீங்களே புள்ளைக்குக் குடுப்பேங்கிறீங்க, அப்புறம் என்னங்க" என்று சொல்லி, அப்போது சேலில் நின்ற ஒரே மாதிரி இரண்டு ஜீப்புகளில் ஒன்றை அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

மற்ற ஜீப்பைப் பார்க்க வந்தவர் தெல்தெனியவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹுஸைன் ஹாஜியார். அவரிடமும் பளீல் நானா பொனட்டில் அடித்தார், டின்னை அழுத்தினார், பிள்ளை வசனத்தையும் சொன்னார். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார், தேநீர் குடித்தார், ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். அதோடு முடிந்தது என்றுதான் பளீல் நானா நினைத்தார். அடுத்த நோன்புப் பெருநாள் கழிந்ததும் அதே ஹாஜியாரின் வீட்டிலிருந்து, மகன் ஸிபானுக்கு பளீல் நானாவின் ஒரே மகள் அஸீமாவைக் கேட்டு ஆள் வந்தது.

எல்லாம் நன்றாகவே பேசி முடிந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு வாகனம் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமலே நடக்க வேண்டும், அதுதான் மரியாதை. பளீல் நானாவும் ஒரு வெள்ளை நிறச் சின்னக் காரை மனதில் வைத்திருந்தார். எழும்பிப் போகிற நேரத்தில்தான் ஹுஸைன் ஹாஜியார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க அண்டக்கி சென்னதுதானே, புள்ளைக்கி எடுத்தாலும் இதத்தான் எடுக்கிறெண்டு. அந்த ஜீப் இன்னம் ஈக்கிதானே?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பளீல் நானாதான் பெரிதாகச் சிரித்தார். தன் வாய்ச்சாலம் சம்பந்தியையே மடக்கிவிட்டதென்று அவருக்குப் பெருமை. ஜீப்புக்குக் கரும்பச்சைப் பூச்சு அடித்து, முன்னுக்கு இரும்புக் குழாயில் ஒரு தடுப்பும் ஒட்டவைத்து, நிக்காஹ் அன்று சாவியை ஸிபானின் கையில் கொடுத்தார்.

ஒரு பேரனும் பிறந்தான். ஞாயிறு தோறும் ஸிபான் அஸீமாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு தெல்தெனியவிலிருந்து கண்டி வழியாகப் பிலிமத்தலாவைக்கு வருவான். ஸிபானுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் அஸீமா, அவள் மடியில் குழந்தை. ஜீப் திரும்பி வாசலுக்கு வரும்போது கண்ணாடிக்குப் பின்னால் பேரனின் மொட்டைத் தலை தெரியும். அதைப் பார்க்கத்தான் பளீல் நானா ஞாயிற்றுக்கிழமைகளில் சேலைப் பூட்டினார்.

பிறகு கடுகண்ணாவைச் சரிவில் அந்த விபத்து நடந்தது.

கல் ஏற்றிய லொறி ஒன்று பிரேக் பிடிக்காமல் எதிர்ப்பக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்கு விலகப்போய், ஒரு சின்னக் காரும் அதன் பின்னால் வந்த ஒரு ஜீப்பும் மலையோரப் பாறையில் நேராகப் போய் மோதின. ஒரே பாறை, ஏறக்குறைய ஒரே வேகம். இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்து சேலுக்கு அடுத்த வளவில் டிங்கரிங் வேலை செய்யும் ஷப்ராஸிடம் இறக்கினார்கள். ஆள்கூட்டம் கண்டு பளீல் நானாவும் போனார்.

காரைக் காரென்று சொல்லவே முடியாது. பொனட் நாலாக மடிந்து கண்ணாடி வரைக்கும் வந்திருந்தது. உள்ளே எயார் பேக்குகள் விரிந்து தொங்கின. பக்கத்தில் ஜீப் நின்றது. ஒரு லைட் இல்லை, முன் தடுப்பு கொஞ்சம் வளைந்திருந்தது, மற்றபடி சாவியைப் போட்டால் ஓடும் போல இருந்தது. பளீல் நானாவின் வாய் சும்மா இருக்குமா? கூட்டத்தைப் பார்த்து, "கண்டீங்களா, நான் செல்றது! இரும்பு இரும்புதான், டின் டின்தான்" என்று தொடங்கிவிட்டார்.

ஷப்ராஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நானா, சத்தம் போடாதீங்க. டின்னுல வந்த மூணு பேரும் வீட்டுக்குப் போயாச்சி. ஜீப்புல வந்தவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியில முடிஞ்சிட்டார்."

"யாரு?"

"மரக்கறி முத்துலிங்கம்."

பளீல் நானா ஜீப்பின் கதவைத் திறந்து பார்த்தார். ஸ்டியரிங் சக்கரம் மட்டும் ஒரு பக்கம் வளைந்திருந்தது. டேஷ்போட் இரும்பு கொஞ்சமும் நெளியவில்லை. அவர் திரும்பி நசுங்கிப்போன காரைப் பார்த்தார், மறுபடி ஜீப்பைப் பார்த்தார். பாறை கொடுத்த அடியைக் கார் முழுக்கத் தானே வாங்கி மடிந்திருந்தது. ஜீப் ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை, அப்படியே உள்ளே இருந்த ஆளிடம் கொடுத்துவிட்டது. இத்தனை வருடமாக நெளியாததைத்தான் பத்திரம் என்று விற்றிருக்கிறோம் என்பது அவருக்கு அங்கே நின்ற நிலையில் விளங்கியது. விளங்கியதும் கரும்பச்சை ஜீப்பும் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் மொட்டைத் தலையும் நினைவுக்கு வந்தன. பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார்.

சாவு வீட்டுக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். முத்துலிங்கத்தின் மனைவி வேலாயி அவரைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டுக் கை கூப்பினாள்.

"மொதலாளி, நீங்க நல்ல வண்டிதாங்க குடுத்தீங்க. வண்டிக்கு ஒண்ணுமே ஆகலேங்கிறாங்க. அவருக்குத்தான் விதி முடிஞ்சிருச்சு."

பளீல் நானா தலையை ஆட்டினார். அங்கிருந்து பஸ் ஏறி வீடு வரும்வரைக்கும் அந்தப் பெண்ணின் கூப்பிய கைகள் அவரை விடவில்லை.

மனைவி சித்தி றலியாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். ஜீப்பைத் திருப்பி எடுத்துவிட்டு எயார் பேக் உள்ள சின்னக் காரொன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அவள் கதிரையில் சாய்ந்தாள்.

"குடுத்த சாமான எப்படித் திருப்பிக் கேக்கிற? மாப்பிள்ளைக்கிக் குடுத்தது நாப்பது பேருக்கு முன்னால குடுத்தது. இப்ப கூடாதெண்டு சென்னா, அப்ப தெரிஞ்சே கூடாததக் குடுத்தீங்களா எண்டு கேக்க மாட்டாங்களா? ஸிபான்ட உம்மா மஸாஹிரா மச்சி ஏற்கெனவே எங்கட புள்ளையில என்ன குத்தம் புடிக்கலாமெண்டுதான் ஈக்கிறா. மகள்தான் அந்த வீட்டுல ஈந்து பேச்சுக் கேக்கணும், நீங்க இல்ல."

சித்தி றலியா சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தான் சொன்ன வசனமே சுவராக நின்றது.

அடுத்த ஞாயிறு ஸிபானிடம் பக்குவமாகத் தொடங்கினார். டீசல் செலவு, பார்க்கிங் கஷ்டம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் ஹைபிரிட்தானே ஓடுகிறார்கள் என்று சுற்றி வளைத்தார். ஸிபான் நல்ல பிள்ளை, மாமா சொன்னால் கேட்கிறவன். அவன் எழும்பிப் போய்ப் பொனட்டில் ஓங்கி அடித்தான். டங்.

"டீசல் போனா போகட்டும் மாமா. புள்ள குட்டியோட போற. நீங்கதானே சென்ன, டின்னெண்டா அப்பளமெண்டு."

அடித்த விதம், குரலை இறக்கிய விதம், எல்லாமே பளீல் நானாதான். தன்னிடமே தன் சரக்கை விற்கிறானே என்று அவருக்கு அழுகை வந்தது.

வேறு வழி பார்த்தார். பேரனுக்குப் பரிசு என்றால் யாரும் மறுக்க முடியாதல்லவா? ஷப்ராஸைக் கொண்டு ஜீப்பின் பின் சீட்டில் பெல்ட்டுகள் பூட்டி, கண்டியில் குழந்தை சீட்டு ஒன்றும் வாங்கிப் பின்னால் கட்டிக் கொடுத்தார். முன்னாலும் பெல்ட் பூட்டலாம், ஆனால் அந்த இரும்பு டேஷ்போட்டும் ஸ்டியரிங்கும் இருந்த இடத்தில்தான் இருக்கும் என்று ஷப்ராஸ் சொன்னான். "ரெண்டுக்கும் போடு" என்றார் நானா. அதற்கு அடுத்த ஞாயிறு ஜீப் வந்தபோது குழந்தை சீட்டில் சமையலுக்கு வாங்கிய ஒரு பை தேசிக்காய் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. குழந்தை முன்னால், உம்மாவின் மடியில். "பச்சப் புள்ளையக் கட்டிப் போடுறதா எண்டு மாமி ஏசினாங்க வாப்பா" என்றாள் அஸீமா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

கடைசியில் மனிதர் உண்மையையே சொல்வதென்று தீர்மானித்தார். வாழ்நாளில் பெரிதாகப் பாவித்துப் பழகாத சாமான், கொஞ்சம் கை நடுங்கத்தான் செய்யும். தெல்தெனியவில் சம்பந்தி வீட்டில் பகல் சாப்பாடு. ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் புரியாணி சஹனைச் சுற்றி ஹுஸைன் ஹாஜியார், ஸிபான், பளீல் நானா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மஸாஹிரா கதவோரம் நின்று பரிமாறினாள். அவளுக்குப் பின்னால் குழந்தையோடு அஸீமா.

"சம்பந்தி, நான் ஒரு விசயம் செல்லணும். அந்த ஜீப் கூடாது. நான் தெரியாம சென்னது. என்ட கண்ணால கண்ட, அதே ஜீப்பு, அதுக்கு ஒரு கீறலுமில்ல, உள்ளுக்கு ஈந்த ஆள் உசிரோட இல்ல. அடிபட்டா வண்டி நெளியணும். நெளிஞ்சாத்தான் ஆள் தப்பும். நான் வேற கார் தாரேன். அதத் திருப்பித் தாங்க."

சாப்பிட்ட கைகள் நின்றன. ஹுஸைன் ஹாஜியார் பளீல் நானாவை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"யாரு கேட்ட? கொழும்புக்காரனா? பழைய ஜீப்புக்கு இப்ப நல்ல வெலயாமே. ஸிபான், ஒங்கட மாமாவப் பாரு, மாப்பிள்ளைக்கிட்டயே ஏவாரம் பேச வந்தீக்கிறார்!"

"வெல இல்ல சம்பந்தி. அல்லாஹ்வுக்காகச் செல்ற."

"நெளியிற வண்டிதான் நல்லதா?" ஹாஜியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நானா, நீங்க பெரிய ஆள். இரும்பையும் விக்கிற, அப்பளத்தையும் விக்கிற!"

ஸிபானும் சிரித்தான், மாமாவின் கெட்டித்தனத்தை மெச்சுகிற சிரிப்பு. மஸாஹிரா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைச் சஹனில் சத்தமாக வைத்துவிட்டு, "குடுத்ததத் திருப்பிக் கேக்கிற பழக்கம் எங்கட ஊட்டுல இல்ல" என்று சொல்லி உள்ளே போனாள். போகிற வழியில் அஸீமாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு பளீல் நானா வாயைத் திறக்கவில்லை. இனித் தான் பேசும் ஒவ்வொரு சொல்லும் மகளின் தலையில்தான் இறங்கும் என்று தெரிந்துபோயிற்று. இத்தனை பொய்யையும் காசாக்கிய வாய்க்கு ஒரேயொரு உண்மையைச் செல்லுபடியாக்கத் தெரியவில்லை.

அன்று மாலை ஸிபானும் அஸீமாவும் பளீல் நானாவையும் ஏற்றிக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் புறப்பட்டார்கள். அஸீமா வழக்கம்போலக் குழந்தையோடு முன் கதவுக்குப் போனாள். ஹுஸைன் ஹாஜியார் சிரித்தது போதாதென்று மரியாதையும் செய்ய நினைத்தாரோ என்னவோ, வாசலில் நின்று கூப்பிட்டார்.

"மகள், வாப்பாவ முன்னால ஏத்துங்க. நீங்க பொறகால ஏறுங்க."

மூத்த ஆண் ஒருவர் வண்டியில் இருந்தால் முன் சீட்டு அவருக்குத்தான். யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் கண்டிப் பகுதியில் இதை மீறுகிற குடும்பத்தை நான் கண்டதில்லை. அஸீமா பின்னால் ஏறினாள். பளீல் நானா முன் சீட்டில் உட்கார்ந்து, இரும்பு டேஷ்போட்டைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பார்த்தார். திரும்பிப் பின்னால் பார்த்தார். மகளும் பேரனும் தன் சீட்டுக்குப் பின்னால், பெல்ட் பூட்டிய இடத்தில் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு தொடங்கியதுதான் ஊர் சிரித்த கூத்து. ஞாயிறு காலையில் பளீல் நானா பிலிமத்தலாவையில் பஸ் ஏறுவார். கண்டியில் இறங்கித் தெல்தெனிய பஸ்ஸுக்குள் நெரிபடுவார். எதற்கு? மருமகனின் ஜீப்பில் ஏறித் தன் சொந்த வீட்டுக்கே விருந்தாளியாக வருவதற்கு. பொழுதுபட மகளைக் கொண்டுபோய் விடவும் கூடவே போவார். அங்கிருந்து பஸ்ஸில் தனியாகத் திரும்புவார். இடையில் கல்யாண வீடு, மருந்துக்குப் போவது, எதுவென்றாலும் மகளிடம் போனில் விசாரித்து எப்படியாவது முன் சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். இளம் சோடிக்கு நடுவில் நுழைந்த மாமனார் என்று பேர் வந்தது. "மகள விட்டு ஈக்க ஏலாம ஈக்கிறார்" என்றார்கள் நல்லவர்கள். மற்றவர்கள் சொன்னதை எழுத வேண்டாம்.

சேலிலும் வியாபாரம் படுத்தது. பழைய ஜீப் கேட்டு ஒரு இளம் தம்பதி வந்தார்கள், மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள். பளீல் நானாவின் கை பழக்கத்தில் பொனட்டுக்குப் போனது, அடிக்காமல் திரும்பியது. "இது வேணாம் மகன், சின்னக் கார் ஒண்டு பாருங்க" என்றார். இந்த ஆள் நல்ல சாமானை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்து அவர்கள் பக்கத்துச் சேலில் போய் ஒரு ஜீப்பை வாங்கினார்கள்.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிறு, திகணையைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது வளைவில் ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு நேரே வந்தது. ஸிபான் பிரேக்கை மிதித்தான். ஜீப் ஈரத்தில் இழுபட்டுப் போய் மதகுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பெல்ட் இடுப்பைப் பிடித்தது, மேலுடம்பைப் பிடிக்கவில்லை. பளீல் நானா இரண்டு கையாலும் டேஷ்போட்டைத் தாங்கியும் நெற்றி போய் இரும்பில் இடித்தது. பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"பயப்படாதீங்க மாமா" என்று சொல்லி ஸிபான் பெருமூச்சு விட்டான். அப்போதும் ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினான். "இரும்பு ஈக்கி." இறங்கிப் போய் டயர்களைப் பார்த்தான்.

பின்னால், முன்பு தேசிக்காய்ப் பை உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தை சீட்டில் இருந்து பேரன் முனகினான். தெல்தெனிய முடக்கைத் தாண்டி மாமியின் கண்ணுக்கு மறைந்ததும் அஸீமா அதில்தான் அவனை வைப்பாள். அவள் முன்னால் எட்டி வாப்பாவின் நெற்றியில் தன் முந்தானையை வைத்து அழுத்தினாள். துணி நனைந்து சிவந்தது. அவள் அதைப் பார்த்தாள், டேஷ்போட்டைப் பார்த்தாள், தன் மடியைப் பார்த்தாள்.

"இதுக்கா வாப்பா?" என்று கேட்டாள். "ஒவ்வொரு கெழமையும் பஸ் ஏறி வாறது இதுக்கா?"

பளீல் நானா திரும்பிக் குழந்தையைப் பார்த்தார்.

"இனி வராதீங்க. நான் பொறகால ஏறுற."

"ஒங்கட மாமி?"

வெளியே ஸிபான் டயரை உதைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. அஸீமா குரலை இறக்கிச் சொன்னாள்.

"ஏசுவாங்க. புருசன டிரைவராக்கிட்டுப் பொறகால ராணி மாதிரி போறாளெண்டு ஏசுவாங்க."

"தெரியும் மகள்" என்றார் பளீல் நானா. முந்தானையை அவள் கையிலிருந்து வாங்கித் தானே நெற்றியில் பிடித்துக்கொண்டார். "அதுக்குத்தானே நான் வார."

ஸிபான் வந்து ஏறிச் சாவியைத் திருப்பினான்.